வெலிமிரும் திரையின் ஜாதகமும்

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஓப்பல் என்ற ரத்தினக் கல் தோண்டும் ஊரான கூபர் பெடியில் ஒருவரைப் பார்த்து, குழியில் ஏதாவது கிடைத்ததா என்று கேட்பது மரியாதையில்லை. கேட்டுவிட்டால், முந்தின நாள் வாளி நிறைய ஓப்பல் அள்ளியவனும் "ரொட்டிக்குத் தேறுது" என்பான். கேட்டவன் அதை நம்பமாட்டான். நம்பமாட்டான் என்பது சொன்னவனுக்கும் தெரியும். இந்த வகையில் பார்த்தால் அந்த ஊரில் யாரும் யாரையும் ஏமாற்றியதே கிடையாது.

அப்படிப்பட்ட ஊரிலேயே சந்தேகப் பிராணி என்று தனியாகப் பெயர் வாங்கியவர் வெலிமிர். வயது அறுபத்தெட்டு. செர்பியாவிலிருந்து, இரண்டு வாரம் இருந்து பார்க்கலாம் என்று வந்தவர். வந்து நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. ஏன் திரும்பவில்லை என்றால், டிக்கெட் விற்றவன் முகம் சரியில்லை என்பார். செம்மண் குன்றைக் குடைந்து செய்த வீட்டில் தனியாக இருக்கிறார். அதற்கும் காரணம் உண்டு. முப்பத்தைந்து வயதில், போர்ட் அகஸ்டா தபால் நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் தம்மைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். அவள் உடனே சரி என்றாள். இவ்வளவு சீக்கிரம் ஏன் சரி என்றாள் என்று மூன்று மாதம் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் அவள் ஒரு லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அப்போதே தெரியும் என்று வெலிமிர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் முக்கால்வாசி நம்பிய ஒரே ஆள் மனோலிஸ் என்ற கிரேக்கர். இருபத்தொன்பது வருஷமாக இருவரும் ஒரே குழியில் கூட்டாளிகள். மனோலிஸின் மகள் ஃபோதினிக்கு வெலிமிர்தான் ஞானத் தகப்பன். ஞானஸ்நானத்தின்போது தொட்டித் தண்ணீரின் சூடு சரியா என்று, பாதிரியாரை நம்பாமல், தாமே முழங்கையை விட்டுப் பார்த்தவர். அன்று ஏற்பட்ட உறவால் இருவரும் ஒருவரையொருவர் "கும்பாரே" என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேக்கர்களிடம் அது மைத்துனன் உறவைவிட ஒரு படி மேல்.

அவர்கள் சண்டையில்லாமல் இருந்ததற்கு அன்பு காரணமில்லை, விதிதான் காரணம். ஓப்பல் குழிகளில் பங்கு பிரிக்கும் முறை அது. ஒருவன் கற்களை இரண்டு குவியலாகப் பிரிப்பான். மற்றவன் வேண்டிய குவியலை எடுத்துக்கொள்வான். பிரிக்கிறவன் ஓரம் சாய்த்தால் நஷ்டம் அவனுக்கே. எடுத்தபின் பேச்சில்லை. இவர்களில் பிரிப்பவர் எப்போதும் வெலிமிர். தராசு வைத்தாற்போலப் பிரிப்பதாக அவருக்கு ஒரு கர்வம். எடுப்பவர் மனோலிஸ். மூன்று காபி குடித்து, மதியம் முழுக்கக் கற்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கை நீட்டுவார். அவர் எவ்வளவு நேரம் திணறுகிறாரோ அவ்வளவு நேரம் வெலிமிருக்கு உள்ளுக்குள் திருவிழா.

போன கோடையில் மனோலிஸின் இடுப்பு எலும்பு தேய்ந்துபோய், அடிலெய்டில் அறுவை சிகிச்சை செய்து புது இடுப்பு வைத்தார்கள். இனி ஏணியில் இறங்க முடியாது. மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். கடைசியாக இருவரும் சேர்ந்து எடுத்த ஓப்பல் மட்டும் பாக்கி இருந்தது. அதைப் பிரித்துவிட்டால் கூட்டு முடிந்தது.

வெலிமிருக்குப் பயம் இந்தக் கடைசிப் பிரிப்பில்தான். அதே ஊரில் பதினைந்து வருஷம் ஒன்றாகத் தோண்டிய இரண்டு இத்தாலியர்கள் இருக்கிறார்கள். கடைசிப் பிரிப்பில் ஒரு கல்லில் சந்தேகம் வந்து, இன்றைக்கும் ஒருவன் கடைக்குள் நுழைந்தால் மற்றவன் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியேறுவான். தமக்கும் மனோலிஸுக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது என்று வெலிமிர் விரும்பினார். வந்தால் அது மனோலிஸின் தவறாகத்தான் இருக்கும் என்பதிலும் உறுதியாக இருந்தார்.

கல்லைத் தபாலில் அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தபால்காரர்களுக்கும் மனைவிமார் இருக்கிறார்கள். வெலிமிர் கல்லைக் கையில் வைத்துப் பிரித்து, மனோலிஸ் படத்தைப் பார்த்து எடுப்பதும் நியாயமில்லை. எனவே தொலைபேசியில் ஒரு வாரம் பேசி முடிவெடுத்தார்கள். ஊரில் ஒருவரிடம் கொடுத்துக் கற்களைப் பட்டை தீட்டுவது. படம் எடுத்ததும் டப்பாவில் போட்டு ஒட்டிவிடுவது. தீட்டிய கல்லை இருவருமே பார்ப்பதில்லை. படத்தை வைத்தே ஒருவர் பிரிக்க, படத்தை வைத்தே மற்றவர் எடுக்க வேண்டும்.

இந்த வேலையை நெனிதாவிடம் கொடுத்தார்கள். நெனிதா பிலிப்பைன்ஸ்காரி. ஐம்பதைத் தாண்டியவள். அடிலெய்டில் ஒயின் பாட்டில்களின் லேபிள் அடிக்கும் அச்சகத்தில் இருபது வருஷம் நிறம் சரிபார்த்தவள். இங்கே அவள் கணவர் கல் தீட்டுகிறார், அவள் படம் எடுக்கிறாள். கடல் தாண்டி இருப்பவர்கள் படத்தைப் பார்த்துத்தான் ஓப்பல் வாங்குகிறார்கள். படத்தில் சிவப்பாக இருந்தது கையில் ஆரஞ்சாக இருந்தால் கல் திரும்பி வந்துவிடும். நெனிதா எடுத்த படத்தைப் பார்த்து வாங்கியதில் ஒரு கல்லும் திரும்பியதில்லை. இதுவே வெலிமிருக்கு அவள் மேல் சந்தேகம் வரப் போதுமானதாக இருந்தது.

அவள் முதலில் சொன்னது, இரண்டு வீட்டுக் கணினித் திரையும் ஒன்றுபோலக் காட்டாது என்பது. ஒரே படத்தை ஒரு திரை நீலம் தூக்கிக் காட்டும், இன்னொன்று மஞ்சள் பூசிக் காட்டும். அதனால் ஒவ்வொரு திரையையும் அளந்து, இது எந்த நிறத்தில் எவ்வளவு பொய் சொல்கிறது என்று ஒரு குறிப்பு எழுதிக் கணினியிடம் கொடுக்க வேண்டும். கலர் புரொஃபைல் என்று அதற்குப் பெயர். திரைக்கு ஜாதகம் என்று வைத்துக்கொள்ளலாம். திரை செவ்வாய் தோஷக்காரனா, சனி பிடித்தவனா என்று ஜாதகத்தில் தெரிந்துவிட்டால் கணினி அதற்கேற்பப் பரிகாரம் செய்துகொள்ளும்.

ஜாதகம் கணிக்கும் கருவியை எடுத்துக்கொண்டு அவள் வெலிமிரின் வீட்டுக்கு வந்தாள். எலிக்குஞ்சு அளவில் கறுப்பாக, வாலோடு இருந்தது. இதே எலியைத்தான் அடுத்த வாரம் ஃபோதினிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னாள். வெலிமிர் உடனே அதன் அடியில் இருந்த எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். வழியில் எலி மாறிவிட்டால்?

திரை சூடாகட்டும் என்று அரை மணி காத்திருக்கச் சொன்னாள். அவரது வீட்டுச் சுவர் மாதுளை நிறம். அது கண்ணை ஏமாற்றும் என்று திரைக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறப் படுக்கை விரிப்பைக் கட்டினாள். மஞ்சள் பல்பைக் கழற்றி வேறு மாட்டினாள். பிறகு எலியைத் திரையின் நடுவே தொங்கவிட்டதும், திரை தானாகச் சிவப்பாயிற்று, பச்சையாயிற்று, நீலமாயிற்று, பல தினுசுச் சாம்பலாயிற்று. வெலிமிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, பரீட்சை மண்டபத்து மேற்பார்வையாளர் மாதிரி, முடியும்வரை எலியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது எதையும் மறைப்பதாகத் தெரியவில்லை. மறைக்கிறவன் அப்படித்தான் இருப்பான்.

முடிந்ததும் திரையைப் பார்த்தார். மங்கிப்போய், பழைய பல் மாதிரி லேசாக மஞ்சளடித்துக் கிடந்தது.

"என்னம்மா, இருந்த வெளிச்சத்தையும் எடுத்துட்டுப் போறியா?"

"இத்தனை நாள் ரொம்பப் பளிச்சுனு பார்த்துப் பழகிட்டீங்க குயா" என்றாள் நெனிதா. மூத்த ஆண்களை அவள் தன் ஊர் வழக்கப்படி அப்படித்தான் அழைப்பாள். "ரெண்டு நாள்ல கண்ணு பழகிரும். இது ஒண்ணு மட்டும் கேளுங்க. கீழ இருக்கிற பொத்தானைத் தொடாதீங்க."

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். தொடாதே என்று ஒருவர் சொல்லும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று குழி தோண்டியே முதுகு வளைந்தவருக்குத் தெரியாதா? அவள் ஜீப் குன்றைவிட்டு இறங்கியதும், தம் திரையிலிருந்து நிறத்தைச் சுரண்டி மனோலிஸின் திரைக்குக் கொண்டுபோகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். இரண்டு வாரம் பொறுத்தார். படங்கள் வந்த அன்று காலை, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, வெளிச்சத்தை நூற்றுக்கு நூறு ஏற்றி, கடையில் வாங்கியபோது இருந்த பளபளப்புக்கே திரையைக் கொண்டுவந்துவிட்டார். சாம்பல் விரிப்பையும் அவிழ்த்தார். பிறகுதான் பிரிக்க உட்கார்ந்தார்.

பதினோரு கல். நீலமும் பச்சையுமாக ஆறு கல் திரையில் கண்ணைப் பறித்தன. ஏழாம் எண் கல் மட்டும் சாம்பல் பூத்த செங்கல் மாதிரி சோர்ந்து கிடந்தது. இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றி வைத்தார். ஆறு கல் இடப்பக்கம், ஐந்து கல் வலப்பக்கம், ஏழாம் எண் வலப்பக்கத்தில். குண்டுமணி வித்தியாசமில்லை என்று தோன்றியதும் நெனிதாவிடம் சொல்ல, அவள் அதை அப்படியே அடிலெய்டுக்கு அனுப்பினாள். அங்கே ஃபோதினியின் திரையை அவள் ஏற்கெனவே தொலைபேசியில் வழிசொல்லி அளந்து முடித்திருந்தாள். எலி திரும்பி வந்தபோது எண்ணும் சரியாக இருந்தது.

வெலிமிர் மதியம் முழுவதற்கும் தயாராக சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். நான்காவது நிமிஷம் தொலைபேசி அடித்தது.

"இடது பக்கம்" என்றார் மனோலிஸ். அவ்வளவுதான். இடுப்பு எப்படி இருக்கிறது என்று வெலிமிர் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

நான்கு நிமிஷம். இருபத்தொன்பது வருஷத்தில் நடக்காதது. இதில் ஏதோ இருக்கிறது என்று வெலிமிர் நெனிதா ஒட்டிக் கொடுத்திருந்த டப்பாவின் ஒட்டுத்தாளைக் கிழித்தார். மனோலிஸின் ஆறு கல்லைக் கறுப்புத் துணியில் பரப்பினார். அழகான கற்கள், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. தம் ஐந்தைப் பரப்பினார். ஏழாம் எண்ணை விளக்குக்கடியில் திருப்பியதும் அவர் கை நின்றுவிட்டது. இந்தப் பக்கத்துக் கற்களில் வராத கரிய அடி, அதன்மேல் சிவப்பு. அடுப்பை ஊதினால் கங்கு விழித்துக்கொள்ளுமே, அந்தச் சிவப்பு. கல்லைச் சாய்த்தால் அதுவும் கூடவே ஓடியது. மற்றப் பத்தையும் சேர்த்தாலும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

வேறொருவராக இருந்தால் அதிர்ஷ்டம் என்று கும்பிட்டிருப்பார். வெலிமிர் கதவைத் தாழிட்டுவிட்டு யோசித்தார். மனோலிஸின் திரை சரியாக அளந்த திரை. அதில் இந்தக் கல் இப்படியேதான் தெரிந்திருக்கும். தெரிந்தும் விட்டுக்கொடுத்திருக்கிறான். ஏன்? தனியாளாகக் கிடக்கிறானே என்ற பரிதாபமா? அப்படியானால் கிரேக்கர் மன்றத்தில் நாளைக்கே, "போகட்டும்னு நான்தான் விட்டுக்கொடுத்தேன்" என்று நாற்பது பேர் முன்னால் சொல்வான். திருடியிருந்தால்கூட மன்னிக்கலாம். தர்மம் செய்திருந்தால் எப்படி மன்னிப்பது?

தர்மமாக இருக்கக் கூடாது என்ற ஆசையில் அவர் கண்டுபிடித்த ஒரே வழி, மனோலிஸின் திரையில் கோளாறு என்பது. நேரே நெனிதாவிடம் போய், அடிலெய்டில் தப்பாக அளந்துவிட்டாய் என்று சண்டை போட்டார். அவள் அந்தத் திரையின் அளவுகளை எடுத்துக் காட்டினாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. அப்படியென்றால் உங்கள் திரையைப் பார்ப்போம் என்று எலியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்று அவர் சொன்ன வேகத்திலேயே அவளுக்குப் பாதி புரிந்திருக்கும்.

எலியைத் தொங்கவிட்டாள். வந்த எண்களைப் பார்த்தாள். மாதுளைச் சுவரைப் பார்த்தாள். மடித்து வைத்த விரிப்பைப் பார்த்தாள்.

"குயா, பொத்தானை யாரு அழுத்துனது?"

"தூசி விழுந்திருக்கும். குடைஞ்ச வீடுன்னா தூசி விழத்தான் செய்யும்."

"அந்தத் தூசிக்கு விரல் இருக்கா?"

வெலிமிர் மடித்திருந்த விரிப்பை எடுத்து மறுபடி மடித்தார். ஜாதகம் கணித்த பிறகு, பிள்ளை பிறந்த நேரத்தையே மாற்றிவிட்டார்; பரிகாரம் யாருக்கோ பலித்துக்கொண்டிருந்தது. வெளிச்சத்தை அத்தனை ஏற்றினால் கறுப்பு வெளிறும் என்று நெனிதா விளக்கினாள். நீலம் தூக்கினால் சிவப்பு செத்துப்போகும். ஏழாம் எண்ணை அவரே தம் கையால் சாகடித்துப் பார்த்திருக்கிறார்.

"எடுத்தாச்சுன்னா பேச்சில்லை. அதான் விதி" என்றார் கடைசியாக.

"விதி ரெண்டு பேரும் ஒரே கல்லைப் பார்த்தாத்தான குயா? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

அவர் டப்பாவை மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்தார். சொல்லாவிட்டால் பொத்தான் விஷயம் மனோலிஸுக்குத் தெரியப்போவதில்லை. நெனிதா வாய் திறந்தால் தெரியும். தெரிந்துவிட்டால் அந்த இத்தாலியர்களின் கடைதான், வைத்துவிட்டுப்போகும் ரொட்டிதான். சொன்னாலும் அதே கதிதான் வருமோ என்றும் இருந்தது. ஆனால் அதையெல்லாம்விட அவரைத் தின்றது வேறு கேள்வி. நல்லதை ஏன் விட்டான்? மறுநாள் காலை அதைக் கேட்கத்தான் எண்களை அழுத்தினார்.

"கும்பாரே, ஏழாம் நம்பரை ஏன் எனக்கு விட்ட?"

"எந்த ஏழாம் நம்பரை?"

"நடிக்காத. சிவப்புக் கல்லு. கறுப்பு அடி."

மனோலிஸ் ஃபோதினியைக் கூப்பிடுவதும், படத்தைப் போடச் சொல்வதும் கேட்டது. பிறகு கிரேக்கத்தில் ஒரு சொல். வெலிமிருக்கு அந்த மொழியில் தெரிந்த மிகச் சில சொற்களில் அதுவும் ஒன்று. குழியில் சம்மட்டி காலில் விழும்போதெல்லாம் கேட்டது.

"நீ படத்தையே பார்க்கலையா?" என்றார் வெலிமிர்.

"எதுக்குப் பார்க்கணும்? உனக்கு எது வேணுமோ அதை நீ இடது கைப் பக்கம் வைப்ப. உனக்கே தெரியாது, கை தானாப் போகும். நான் இடது பக்கத்தை எடுப்பேன். இருபத்தொம்பது வருஷமா அப்படித்தான்."

வெலிமிருக்குத் தராசு என்ற கர்வமெல்லாம் அந்த நிமிஷத்தோடு போயிற்று.

"அப்ப அந்த மூணு காபி?"

"காபி நல்லா இருந்துச்சு. அதுவும் இல்லாம, சட்டுனு எடுத்தா நீ சந்தேகப்படுவியே. இந்தத் தடவை இடுப்பு வலி, ரொம்ப நேரம் உக்கார முடியல, சொல்லிட்டேன். சரி, நீ சொல்லு. உன் கண்ணுக்குத் தப்பாத கல்லை நீ எப்படி வலது பக்கம் தள்ளுன?"

வேறு வழியில்லாமல் வெலிமிர் பொத்தான் கதையைச் சொன்னார். தூசி என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, உள்ளபடியே சொன்னார். இருபத்தொன்பது வருஷம் ஏமாற்றியவன் பெரிய திருடனா, ஒரே தடவை பொத்தானை அழுத்தியவன் பெரிய திருடனா என்று இருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். முடிவாகவில்லை. மனோலிஸ் கடைசியில், டப்பாவை எடுத்துக்கொண்டு வா, திரையும் வேண்டாம் எலியும் வேண்டாம், நேரில் பார்த்துக்கொள்வோம் என்றார்.

வெலிமிர் பஸ்ஸில் போனார். டப்பாவை வயிற்றில் கட்டிக்கொண்டு, வழியில் நிறுத்திய இடங்களில் ஒன்றுக்குக்கூட இறங்காமல் அடிலெய்டு சேர்ந்தார். ஃபோதினியின் சமையலறையில் தெற்குப் பார்த்த ஜன்னலருகே மேஜையைப் போட்டுக் கற்களைப் பரப்பினார்கள். ஏழாம் எண்ணைக் கையில் வாங்கிய மனோலிஸ் வெகுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை. வெலிமிர் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை பிரிப்பது மனோலிஸ், எடுப்பது வெலிமிர் என்று பேச்சு. பத்துக் கல் பிரச்சினையில்லாமல் ஐந்தைந்தாகப் பிரிந்தது. ஏழாம் எண் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் தாழ்ந்தது. அதைத் தனியாக ஒரு பக்கமும், பத்தையும் மறுபக்கமும் வைத்தார் மனோலிஸ். இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று வெலிமிர் எதையும் எடுக்க மறுத்தார். நீயே பிரி என்றார் மனோலிஸ். என் இடது கையைப் பார்க்கத்தானே சொல்கிறாய் என்றார் வெலிமிர். விற்றுப் பிரிக்கலாம் என்றாள் ஃபோதினி. யார் விற்பது என்ற கேள்வியில் அது நின்றது.

சாயங்காலம்வரை பார்த்துவிட்டு, பத்துக் கல்லை மட்டும் பிரித்துக்கொண்டார்கள். ஒரு கல் பிரிக்காமல் கிடக்கும்வரை கூட்டு முடிந்ததாகக் கணக்கில்லை. அதுவும் ஓப்பல் குழிகளின் விதிதான். இதற்காகவே மனோலிஸ் இழுத்தடிக்கிறாரோ என்று வெலிமிருக்குத் தோன்றியது. இதற்காகவே வெலிமிர் பிடிவாதம் பிடிக்கிறாரோ என்று மனோலிஸுக்கும் தோன்றியிருக்க வேண்டும்; அவர் அப்படித்தான் பார்த்தார்.

கல் யாரிடம் இருப்பது என்ற கேள்விக்கு மட்டும் பதில் வேண்டியிருந்தது. இரண்டு பேரும் குறைவாகச் சந்தேகப்பட்ட ஒரே ஆள் ஃபோதினி. அவள் கல்லைக் கைக்குட்டையில் முடிந்து, கைப்பையில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்று பார்க்க இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். மனோலிஸுக்குப் புது இடுப்பு ஒத்துழைக்கவில்லை. வெலிமிர் மட்டும் ஜன்னலுக்குப் போனார்.

"பஸ் நிறுத்தத்துக்குத்தான் போறா" என்றார்.

மனோலிஸ் நம்பவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளச் சொன்னார்.